சக மாணவர்களை வழிநடத்தும் பொறுப்பு வேலைக்கு உதவுமா?

கடலூரில் அரசுக் கல்லூரி ஒன்றில் இளநிலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்களுள் கணிதத்தில் திணறுபவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவராக இரண்டாமாண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். என்னையும் ஒரு குழுவை ஏற்கச் சொல்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் தலைவராக இருக்கவும் அழைப்பு வந்திருக்கிறது. 'படிக்கப் போனோமா, படித்தோமா என்று வா. இதெல்லாம் சோறு போடாது' என்கிறார் அப்பா. நான் நெல்லிக்குப்பத்திலிருந்து பேருந்தில் வந்துபோகிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். இத்தகைய பொறுப்புகளால் உண்மையிலேயே திறமை வளருமா? வேலை கிடைக்க அது உதவுமா?"

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகளில் பாடம் நடத்தியவன், ஓய்வுக்குப் பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் அவ்வப்போது அமர்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். திறமை வளரும், வேலைக்கும் உதவும், ஆனால் இரண்டும் தாமாக நடந்துவிடுவதில்லை. 'செயலர்', 'தலைவர்', 'ஒருங்கிணைப்பாளர்' என்று சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் அட்டைக்குத் தேர்வுக் குழுவில் ஒரு மதிப்பும் இல்லை. தன் வயதை ஒத்தவர்களை, தன் கையில் எந்த அதிகாரமும் இல்லாத நிலையில், ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க வைத்த அனுபவம் ஒருவரிடம் இருக்கிறதா என்பதைத்தான் அங்கே தேடுகிறார்கள். உங்கள் அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது; அதைப் பிறகு பார்ப்போம்.

அதிகாரம் இல்லாத நிலை என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆசிரியரின் கையில் வருகைப் பதிவேடும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் இருக்கின்றன. மேலாளரின் கையில் சம்பளமும் பதவி உயர்வும் இருக்கின்றன. உங்கள் கையில் ஒன்றுமே இல்லை. உங்கள் குழுவிலுள்ள முதலாண்டு மாணவர் நாளை வராமல் போனால் நீங்கள் அவரை ஒன்றும் செய்துவிட முடியாது. ஏன் வரவில்லை என்று விசாரித்து, அந்தக் காரணத்தை நீக்கினால்தான் அவர் மறுநாள் வருவார். வேலைக்குச் சேரும் புதிய பட்டதாரியின் நிலையும் ஏறத்தாழ இதுதான். குடிகாடு சிப்காட்டிலோ, புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலோ பயிற்சியாளராகச் சேரும் ஒருவர், தன்னைவிடப் பத்திருபது வயது மூத்த இயந்திர இயக்குநரிடமிருந்து ஷிஃப்ட் அறிக்கையை நேரத்துக்கு வாங்க வேண்டும். கிடங்குக்காரரிடம் நயமாகப் பேசி உதிரிபாகத்தைப் பெற வேண்டும். கணக்குப் பிரிவில் தேங்கிக் கிடக்கும் பில்லை நகர்த்த வேண்டும். இவர்களில் யாருக்கும் அவர் மேலதிகாரி அல்லர். இந்த வித்தையை முதன்முதலாகச் சம்பளம் வாங்கும் இடத்தில் கற்பவர் பட்டுப்பட்டுத்தான் கற்கிறார். கல்லூரியிலேயே அதற்குப் பழகியவருக்கு அந்த முதல் ஆண்டு அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

மாணவர் மாணவருக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவர் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்கியதை நம் தாத்தா காலத்தவர் அறிவார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்து, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். அதை 1797-இல் லண்டனில் அறிக்கையாகவும் வெளியிட்டார். பிரிட்டனில் அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்றே வழங்கியது. ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று உலகக் கல்லூரிகளில் செல்வாக்குப் பெற்றிருக்கும் முறைகளில் அந்தப் பிரம்புக்கு இடமில்லை. 1973-இல் அமெரிக்காவின் மிசௌரி–கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் உருவாக்கிய துணைப் பயிற்சி முறையில், ஒரு பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர் அதே வகுப்பில் மீண்டும் உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு மற்றவர்களுக்கெனத் தனி அமர்வுகளை நடத்துகிறார். அதன் சூட்சுமம், 'பின்தங்கிய மாணவர்' என்று யாருக்கும் முத்திரை குத்தாமல், பலரும் தோற்கும் பாடம் என்று பாடத்தைக் குறிவைப்பதில் இருக்கிறது. 1990-களில் நியூயார்க் சிட்டி கல்லூரியின் வேதியியல் வகுப்புகளில் தொடங்கிய இன்னொரு முறையில், குழுவை நடத்தும் மாணவர் விடையைச் சொல்லித் தருபவராக இல்லாமல், குழுவே பேசி விடையை எட்டும்படி பார்த்துக்கொள்கிறார். மாணவரை விட்டுப் பாடத்தைக் குறிவைக்கும் அந்த முதல் முறையின் சூட்சுமத்தை உங்கள் துறைத் தலைவர் காதில் மரியாதையோடு போட்டுவையுங்கள். 'திணறுபவர்கள் குழு' என்று அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினால் முதல் வாரத்துக்குப் பிறகு ஒருவரும் வர மாட்டார்கள். 'நுண்கணிதப் பயிற்சி, விருப்பமுள்ளோர் வரலாம்' என்று ஒட்டினால் நன்றாகப் படிப்பவர்களும் வருவார்கள். அவர்களோடு சேர்ந்து திணறுபவர்களும் கூச்சமின்றி வருவார்கள்.

அந்த அமர்வில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பகுதித் தொகையிடலில் ஒரு கணக்கு. முதலாண்டு மாணவர் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார். குழுவை நடத்தும் மாணவிக்குக் கை துறுதுறுக்கிறது. சுண்ணக்கட்டியை எடுத்து நான்கே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார். எல்லாரும் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மறுநாள் எண்களை மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கும் வருவதில்லை. இன்னொரு குழுவில் அதே இடத்தில் அதே வரியில் ஒருவர் நிற்கிறார். அங்கிருக்கும் மாணவி, "இரண்டாவது வரிக்கு எப்படி வந்தே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அரை நிமிடம் அமைதி. பிறகுதான் தெரிகிறது, அந்தப் பையனுக்குத் தொகையிடலில் சிக்கலே இல்லை. இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் விதியே மேல்நிலை வகுப்பில் பிடிபடவில்லை. ஆகவே அதற்கு மேல் கட்டிய எதுவும் அவருக்கு மந்திரமாகத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு விதியை ஐந்து நிமிடம் விளக்கியதும் கணக்கு தானே நகர்கிறது.

அந்த அரை நிமிடம் பொறுத்திருக்கத் தெரிவது சாதாரணத் திறமை இல்லை. எதிரில் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கேள்வியால் கண்டுபிடிப்பது மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலும், வங்கிக் கிளையின் கடன் மேசையிலும், பள்ளி வகுப்பறையிலும் அன்றாட வேலை. வாடிக்கையாளர் 'ஆப் வேலை செய்யவில்லை' என்பார். உண்மையில் அவர் கடவுச்சொல்லை மறந்திருப்பார். இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. கூடவே இன்னொரு லாபமும் உண்டு. பிறருக்குச் சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணத்தோடு படிக்கும்போது உங்கள் அடிப்படை இறுகுகிறது. முதலாண்டு நுண்கணிதத்தில் நீங்களே தாண்டிக் குதித்துப்போன படிகள் அப்போதுதான் கண்ணில் படும். இறுதியாண்டில் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ தயாராகும்போது அதன் பயன் தெரியும். என் கணிப்பில், மன்றச் செயலர், விழாக் குழுத் தலைவர் முதலிய எல்லாப் பொறுப்புகளையும்விடப் பாடம் சொல்லித் தரும் இந்தப் பொறுப்புதான் கல்லூரிகளில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் மிக அதிகமாகப் பயன் தருவதும்.

நாட்டு நலப்பணித் திட்டம் வேறு வகைப் பயிற்சி. காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமின் முதல் நாள் உற்சாகமாக இருக்கும். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் கிராமத்துப் பள்ளியின் வராந்தாவில் நின்று பார்த்தால் நிலைமை வேறு. சமையல் முறையில் பெயர் இருக்கும் இருவர் எழுந்திருக்கவில்லை, பால் வந்துவிட்டது, சிலிண்டர் இன்று மாலைக்குத் தாங்குமா என்று தெரியவில்லை, முந்தின நாள் பாத்திரம் கழுவியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்ட அலுவலரிடம் போய்ச் சொன்னால் ஒரு நிமிடத்தில் அவர் அந்த இருவரையும் எழுப்பிவிடுவார். அதோடு அந்த முகாம் முடியும்வரை உங்கள் சொல்லை யாரும் மதிக்க மாட்டார்கள். நீங்களே போய் எழுப்பி, அவர்கள் முணுமுணுப்பைக் கேட்டு, சமையலுக்குப் பதில் மாலைக் கூட்டத்துக்கு இருக்கை போடும் வேலையை அவர்களுக்கு மாற்றிக் கொடுத்து, அந்த மாற்றத்தை மற்றவர்கள் ஓரவஞ்சனையாக எண்ணாதபடி எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஒரே காலைப் பொழுதில் இவ்வளவும் நடந்தாக வேண்டும்.

நம் பகுதிக்கு இன்னொரு பள்ளிக்கூடம் உண்டு. அதை யாரும் விரும்பித் திறப்பதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இயற்கை அடிக்கடி சோதனை வைக்கிறது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியையொட்டிக் கரையைக் கடந்தபின், தென்பெண்ணையில் பெருகி வந்த வெள்ளம் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. இத்தகைய நேரங்களில் மாணவர்கள் பொட்டலம் சுமப்பதைப் பலரும் பாராட்டுகிறார்கள். சுமப்பதைவிடக் கடினமான வேலை பட்டியல் தயாரிப்பது. எந்தத் தெருவில் எத்தனை வீடு, எவற்றில் கைக்குழந்தை இருக்கிறது, எவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, வண்டி நிற்கும் சாலையோரத்துக்கு வர முடியாத முதியவர் எங்கே இருக்கிறார் என்பதை எழுதிவைக்காவிட்டால், குரல் உயர்த்தியவருக்கு மூன்று பாயும் கடைசித் தெருவுக்கு ஒன்றும் இல்லாமலும் போகும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு முதலில் தெருவை நடந்து பார்த்துவிட்டு வரும் மாணவரை எந்த நிறுவனமும் இரண்டாம் முறை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளும்.

இனி வேலை விஷயத்துக்கு வருவோம். எல்லா வேலைக்கும் இது ஒரே அளவில் உதவும் என்று சொன்னால் பொய்யாகும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு எழுத்துத் தேர்வு மட்டுமே. அங்கே உங்கள் முகாமையோ குழுவையோ யாரும் கேட்கப்போவதில்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் வங்கி அதிகாரி தேர்வில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் இறுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. எழுத்துத் தேர்வில் சமமாக நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் அந்த 20-தான் பலரைப் பிரிக்கிறது. தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தரைப்படையில் குறுகியகால அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவு ஒன்று உண்டு. அதில் எழுத்துத் தேர்வே இல்லை, நேரே படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தின் முன் நிற்கலாம். பல நாள் நடக்கும் அந்தத் தேர்வின் குழுப்பணிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைவர் என்று எவரையும் நியமிப்பதில்லை. கட்டையும் கயிறும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்லிவிட்டு, சமமாக நிற்கும் இளைஞர்களுள் யார் சொல்லை மற்றவர்கள் கேட்கிறார்கள், யார் பிறர் சொல்வதைக் காதில் வாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆசிரியப் பணிக்குப் போகிறவருக்கோ இந்தக் குழு வேலை நேரடி ஒத்திகை. தனியார் நிறுவனங்களில் குழு விவாதமும் நேர்முகமும் இருப்பதால் அங்கே இதன் எடை மிக அதிகம்.

ஆனால் எடை இருப்பது உங்களால் எடுத்துச் சொல்ல முடிந்தால்தான். தேர்வுக் குழுவில் அமர்ந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம், "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு, கல்லூரியில் மன்றச் செயலராக இருந்தேன்" என்பது. சரி, செயலராக இருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "எல்லா நிகழ்ச்சிகளையும் சிறப்பாக நடத்தினோம்" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாததால் உறுப்பினர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை பேச்சு சற்றுத் தடுமாறும் பெண்ணொருவர் வந்தார். "என் குழுவில் எட்டுப் பேர். இரண்டாம் வாரமே மூன்று பேர் வரவில்லை. விசாரித்தேன். மூவரும் ஒரே ஊர். கல்லூரி விட்டதும் அவர்களுக்குப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அமர்வை மதிய உணவு இடைவேளைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். மற்ற ஐந்து பேரில் இருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தனியாக வைத்தேன். பருவத் தேர்வில் ஏழு பேர் தேறினார்கள், ஒருவர் தேறவில்லை" என்றார். தேறாத அந்த ஒருவரைப் பற்றித்தான் உடனே எல்லாரும் கேட்டோம். ஏன் தேறவில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்த நேர்முகம் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் போனது. உறுப்பினர்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்படிப் பேச வேண்டுமானால் நிலைமை என்ன, உங்கள் பங்கு என்ன, நீங்கள் எடுத்த முடிவு என்ன, விளைந்தது என்ன என்று நான்கையும் வரிசையாகச் சொல்லிப் பழக வேண்டும். நம் பிள்ளைகளிடம் ஒரு நல்ல பழக்கம் இங்கே இடைஞ்சலாகிறது. அடக்கத்தால் எல்லாவற்றையும் 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்கிறார்கள். கேட்பவருக்கு அதில் இவர் செய்தது எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. குழுவின் உழைப்பைக் குழுவுக்கே கொடுத்துவிட்டு, உங்கள் முடிவை மட்டும் 'நான்' என்று சொல்வதில் தற்பெருமை எதுவுமில்லை. ஒரு சிறு நோட்டில் வாரந்தோறும் நாலைந்து வரி எழுதிவைத்தால் போதும். ஈராண்டு கழித்து நினைவை நம்பினால் எண்களும் காரணங்களும் கலைந்துபோயிருக்கும்.

இப்போது உங்கள் அப்பாவின் நியாயம். பொறுப்பு என்ற பெயரில் கல்லூரிகளில் நடப்பதில் கணிசமானது எடுபிடி வேலை. புரொஜக்டர் கொண்டுவருவது, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்குவது, பேனர் கட்டுவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் யாராவது செய்ய வேண்டிய வேலைகள்தாம்; ஆனால் அவற்றில் நீங்கள் எடுக்கும் முடிவு என்று ஒன்றும் இல்லையென்றால் அதற்காக வகுப்பை விட்டு, கல்லூரி வேலையில் இருந்ததாக 'ஓ.டி.' அனுமதி வாங்கிக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை. பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. விழா என்று வந்தால் கோலம், குத்துவிளக்கு, வரவேற்புத் தட்டு ஆகியவை மாணவியருக்கும், பணம், வண்டி, ஒலிபெருக்கி, அலுவலக அனுமதி ஆகியவை மாணவர்களுக்கும் என்று வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. வரவுசெலவு எழுதவும் ஒப்பந்தக்காரரோடு பேரம் பேசவும் கற்றுத்தரும் வேலைகள் இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. கணிதம் படிக்கும் நீங்கள் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குங்கள். தேநீருக்கும் பந்தலுக்கும் வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி, மீதியைத் திருப்பிக் கொடுத்த அனுபவம் நேர்முகத்தில் ஒரு முழுக் கேள்விக்குப் பதிலாகும்.

தேர்தலில் நின்று பெறும் பதவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரி மட்டும் சொல்கிறேன். மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோதே, போட்டியிடுபவருக்கு 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது என்ற வரம்புகள் வந்துவிட்டன. அந்த வரம்பை எல்லாப் பொறுப்புக்கும் நீங்களே விதித்துக்கொள்வது நல்லது. பிளேஸ்மென்டுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் உள்ளவரை முதல் சல்லடையிலேயே கழித்துவிடுகின்றன. அதன்பின் உங்கள் கதையைக் கேட்க அங்கே ஆள் இருக்காது.

ஆகவே என் யோசனை இது. இந்த ஆண்டு கணிதக் குழுவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நலப்பணித் திட்டத்தில் தொண்டராக இருங்கள், முகாமுக்குப் போங்கள், தலைமைப் பொறுப்பை வேறொருவருக்கு விடுங்கள். இரண்டையும் ஒரே ஆண்டில் சுமக்கும் பேருந்து மாணவிக்கு வீட்டில் படிக்க நேரம் மிஞ்சாது. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அமர்வை மதிய இடைவேளையிலோ ஆசிரியர் இல்லாத பாடவேளையிலோ வையுங்கள். மாலையில் வைத்தால் பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் போகிறவர்கள் முதலில் உதிர்வார்கள், உங்களுக்கும் இருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறைகள் வந்து அட்டவணையைக் குலைக்கும் என்பதால், கடினமான பகுதிகளை அதற்கு முன்பே முடித்துவிடப் பாருங்கள். அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒரு பருவம் மட்டும் செய்கிறேன், மதிப்பெண் குறைந்தால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அந்தப் பருவத்தின் மதிப்பெண் பட்டியலைக் காட்டுங்கள்.

ஆண்டு முடிவில் துறைத் தலைவரிடம் வழக்கமான பங்கேற்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எந்தப் பாடம், அவர்களுள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போனால் அவருக்குக் கையெழுத்திடுவது எளிது, அலுவலக முத்திரையும் அன்றே கிடைத்துவிடும்.